நாடியின் யாப்பறிந்தவர்: மருத்துவர் கரெல் வென்கபாக்

ஓசை பிறழ்ந்த அடி ஒன்று காதில் விழுந்ததும் மரபறிந்த புலவரின் செவி நிமிர்ந்துவிடும். தளை தட்டியது பிழை என்று சொல்லி அந்த அடியைத் தள்ளிவிடுவது எளிது. தட்டிய இடம் எது, அஃது எத்தனை சீருக்கு ஒருமுறை நேர்கிறது, அதற்கு முந்திய சீர்கள் எவ்வாறு நடந்தன என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அவ்வாறு எண்ணிப் பார்ப்பவருக்குப் பிழையெனத் தோன்றியதே வேறோர் ஒழுங்கின் அறிகுறியாகப் புலப்படுவதுண்டு. செய்யுள் பயில்வோர் அறிந்த இவ்வுண்மையை மனித இதயத்தின் துடிப்பில் கண்டு காட்டியவர் டச்சு மருத்துவர் கரெல் ஃபிரெடெரிக் வென்கபாக் ஆவார்.

இதய மருத்துவம் பயில்வோர் அனைவரும் அறிந்த பெயர் அது. துடிப்புப் பதிவில் காணப்படும் ஒருவகை இடையீடு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆயினும் அவர் வாழ்வில் அதற்கு ஈடான மற்றொரு நிகழ்ச்சி உண்டு. மருத்துவம் அறியாத வணிகர் ஒருவரின் சொல்லை அவர் ஐயத்தோடு கேட்டார். கண்ணால் கண்டபின் அதனை மறைக்காமல் உலகுக்கு எழுதினார். அதிலிருந்து ஒரு மருந்து பிறந்தது. அம்மருந்து சிலரிடம் பலித்து வேறு சிலரிடம் பலிக்காமல் போனது ஏன் என்பதை அறிவியல் விளக்குவதற்கு அவர் மறைந்த பின்னும் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

உட்ரெக்டில் கற்ற பாடம்

வென்கபாக் 1864 மார்ச் 24ஆம் நாள் நெதர்லாந்தின் ஹேக் நகரில் பிறந்தார். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1888இல் முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக விளங்கியவர் தியோடோர் வில்ஹெல்ம் எங்கெல்மான் என்னும் செருமானிய அறிஞர். தவளையின் இதயத்தைத் தொங்கவிட்டு, அதன் ஒவ்வொரு சுருக்கத்தையும் நெம்புகோல் ஒன்றின் வழியே கோடாகப் பதிவு செய்து ஆராய்ந்தவர் அவர். இதயத்தின் துடிப்பு நரம்புகள் தரும் ஆணையால் எழுவதன்று, தசையிலேயே பிறப்பது என்பது அவர் கொள்கை. எங்கெல்மான் செல்லோ வாசிப்பதில் வல்லவர். இசைமேதை பிராம்ஸ் தம் மூன்றாவது நால்வர் தந்தியிசைப் படைப்பை அவருக்கே காணிக்கையாக்கியுள்ளார். தாளம் அறிந்த ஆசிரியரிடம் இதயத்தின் தாளத்தைக் கற்கும் பேறு வென்கபாக்குக்குக் கிடைத்தது.

பட்டம் பெற்ற பின் ஆய்வுக்கூடத்திலேயே அவர் தங்கிவிடவில்லை. நெதர்லாந்தின் தென்கோடியில் உள்ள ஹேர்லென் என்னும் ஊரில் சில ஆண்டுகள் சாதாரண மருத்துவராகப் பணியாற்றினார். பின்னர் உட்ரெக்ட் திரும்பினார். தவளையின் இதயத்தில் ஆசிரியர் கண்டவை நோயாளியின் மணிக்கட்டிலும் நிகழ்கின்றனவா என்னும் வினா அவரை விடாது தொடர்ந்தது. ஆய்வுக்கூடத்துக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் இடையே பாலம் அமைப்பதே அவர்தம் வாழ்நாள் பணியாயிற்று.

விடுபட்ட துடிப்பின் கணக்கு

அக்காலத்தில் ஈ.சி.ஜி. கருவி இல்லை. உட்ரெக்டிலேயே பயின்ற மற்றொரு டச்சு அறிஞரான ஐந்தோவன் அதற்கு அடிப்படையான இழைக் கால்வனோமீட்டரை 1901இல்தான் வெளியிட்டார். அதற்கு முன்பு மருத்துவரிடம் இருந்தது மணிக்கட்டு நாடியின் ஏற்ற இறக்கத்தை வரையும் நாடிவரைவி ஒன்றே. ஒழுங்கற்ற நாடி என்றால் இதயம் தளர்ந்துவிட்டது என்பதே பொதுவான கருத்து. ஒழுங்கின்மைக்குள்ளும் வகைகள் இருக்கக்கூடும் என்று எண்ணியவர் மிகச் சிலர்.

இந்நிலையில் நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர், இடையிடையே நின்று துடிக்கும் தம் நாடி இதய நோயின் அறிகுறியா என்று அறிய விரும்பி வென்கபாக்கிடம் வந்தார். வென்கபாக் நாடியைக் கோடாக வரைந்து, துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைப்பட்ட காலத்தை ஒவ்வொன்றாக அளந்தார். சில துடிப்புகளுக்கு ஒருமுறை ஒரு துடிப்பு விடுபட்டது. விடுபட்ட இடத்தின் இடைவெளி வழக்கமான இடைவெளியைப் போல் இருமடங்காக இருத்தல் வேண்டும். ஆனால் அதனினும் குறைவாகவே இருந்தது. அதற்கு முந்திய இடைவெளிகளோ படிப்படியாகக் குறுகி வந்திருந்தன. இந்தக் குறைவிலேயே அவர் விடையைக் கண்டார்.

இதயத்தின் மேலறைகள் முதலில் சுருங்குகின்றன. அத்துடிப்பு இடைவழியைக் கடந்து கீழறைகளை அடைகிறது. கடப்பதற்குச் சிறிது காலம் பிடிக்கும். மேலறை தவறாமல் துடித்து வந்தாலும், இடைவழி களைப்புற்றிருந்தால், கடக்கும் காலம் ஒவ்வொரு துடிப்புக்கும் நீண்டுகொண்டே போகும். இறுதியில் ஒரு துடிப்பு கடக்க முடியாமலே நின்றுவிடும். அந்த ஓய்வில் இடைவழி களைப்பு நீங்கும். மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். மேலறை 80 அலகுக்கு ஒருமுறை துடிப்பதாகக் கொள்வோம். முதல் துடிப்பு கடக்க 20 அலகும், இரண்டாவது கடக்க 30 அலகும், மூன்றாவது கடக்க 34 அலகும் ஆகின்றன; நான்காவது கடக்கவில்லை. அவ்வாறாயின் கீழறையின் துடிப்புகள் 20, 110, 194 ஆகிய இடங்களில் விழும். இடைவெளிகள் 90, 84 எனக் குறுகுகின்றன. அடுத்த துடிப்பு 340இல் விழுவதால் நீண்ட இடைவெளி 146 ஆகிறது. இது 84இன் இருமடங்கான 168ஐ விடக் குறைவு. கடக்கும் காலம் நீள்கிறது. ஆனால் நீளும் அளவு ஒவ்வொரு முறையும் சிறுக்கிறது. அதனால் துடிப்புகள் நெருங்கி வருவதுபோல் தோன்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத மேலறையின் ஒழுங்கை மணிக்கட்டில் விழுந்த ஒழுங்கின்மையிலிருந்து அவர் உய்த்துணர்ந்தது இவ்வாறுதான்.

1899இல் வெளிவந்த இக்கட்டுரையில் புகழ் முழுவதையும் அவர் தமக்கே உரிமையாக்கிக் கொள்ளவில்லை. இத்தாலிய அறிஞர் லூச்சியானி 1873இல் தவளை இதயத்தில் இத்தகைய தொகுதிகளைக் கண்டிருந்தார். அவர் பெயராலேயே இந்நிகழ்ச்சியை வென்கபாக் குறித்தார். பின்வந்த தலைமுறையோ அதனை வென்கபாக்கின் பெயரோடு இணைத்தது. ஈ.சி.ஜி. பரவிய பின் 1924இல் வோல்டமார் மோபிட்ஸ் இத்தகைய இடையீடுகளை இரு வகையாகப் பிரித்தபோது, முதல் வகை வென்கபாக் நாடியில் கண்டதாகவே அமைந்தது. கருவி பின்னர் காட்டியதை எண்ணும் பழக்கம் முன்னரே கண்டிருந்தது.

வணிகர் தந்த சொல்

1901இல் க்ரோனிங்கன் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக ஏற்றது. நாடியின் ஒழுங்கின்மை பற்றிய அவரது நூல் 1903இல் செருமானிய மொழியில் வெளிவந்தது. இங்கிலாந்தின் பர்ன்லி என்னும் ஆலை நகரில் பணியாற்றிக்கொண்டே நாடியை ஆராய்ந்து வந்த ஜேம்ஸ் மெக்கன்சியோடு அவருக்கு நெருங்கிய நட்பு ஏற்பட்டது. 1911இல் அன்று செருமனியின் ஆட்சியில் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குச் சென்றார்.

1912இல் அவரிடம் ஒரு டச்சு வணிகர் வந்தார். அவருக்கு அவ்வப்போது மேலறை நடுக்கம் ஏற்படும். மேலறைகள் ஒருங்கே சுருங்காமல் நிமிடத்துக்கு 350 முறைக்கு மேல் சிதறித் துடிக்கும் நிலை அது. அந்நிலையில் நாடி எந்தக் கணக்குக்கும் அடங்காது. முழு ஒழுங்கின்மை என்று மருத்துவர்கள் அதனை அழைத்து வந்தனர். மேலறை நடுக்கமே அதற்குக் காரணம் என்பதை இலண்டனில் தாமஸ் லூயிஸும், வியன்னாவில் ரோத்பெர்கர், வின்டர்பெர்க் ஆகிய இருவரும் 1909இல் நிறுவியிருந்தனர். காரணம் தெரிந்ததேயன்றி மாற்றும் வழி தெரியவில்லை. டிஜிட்டாலிஸ் கொடுத்தால் கீழறையின் வேகம் தணியும். மேலறையின் நடுக்கம் நிற்பதில்லை.

தொழிலில் ஒழுங்கை விரும்பியவர் அவ்வணிகர். இதயத்தின் கணக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். உறுதியாக எதுவும் கூற இயலாது என்று வென்கபாக் தெரிவித்ததும், தம் நோயைத் தாமே தீர்த்துக்கொள்ள முடியும் என்று வணிகர் கூறினார். வென்கபாக் நம்பவில்லை. மறுநாள் காலை ஒழுங்கான நாடியோடு வருவதாகச் சொல்லிச் சென்ற வணிகர் அவ்வாறே வந்து நின்றார். அவர் உட்கொண்டது ஒரு கிராம் கொயினா.

மலேரியா மிகுந்த நாடுகளில் வாழ்ந்த ஐரோப்பியர்களுக்குக் கொயினா எல்லா நோய்க்கும் எடுக்கும் கைமருந்தாக இருந்த காலம் அது. உலகின் சிங்கோனாப் பட்டையில் பெரும்பகுதி அன்று டச்சு ஆட்சியிலிருந்த ஜாவாவில் விளைந்தது. நம் நீலகிரியிலும் 1860 முதல் ஆங்கிலேயர் அம்மரத்தைப் பயிரிட்டனர். அவ்வழக்கத்தின்படி கொயினாவை எடுத்த வணிகர், நாள்கணக்கில் நீடிக்கும் தம் நடுக்கம் அரைமணி நேரத்துக்குள் நின்றுவிடுவதைத் தற்செயலாகக் கண்டுகொண்டார்.

ஒரு பேராசிரியர் இத்தகைய செய்தியைச் சிரித்து ஒதுக்கியிருக்கலாம். அல்லது தம் கண்டுபிடிப்பாக வெளியிட்டிருக்கலாம். வென்கபாக் இரண்டையும் செய்யவில்லை. வேறு நோயாளிகளுக்குக் கொயினா கொடுத்துப் பார்த்தார். அண்மையில் நோய் தொடங்கிய ஒரு சிலரிடம் பலித்தது, பெரும்பாலாரிடம் பலிக்கவில்லை. 1914இல் வெளிவந்த, ஒழுங்கற்ற இதய இயக்கத்தைப் பற்றிய தம் பெருநூலில் வணிகரின் கதையையும், தமக்குக் கிட்டிய சிறு வெற்றியையும், பெருந்தோல்வியையும் சேர்த்தே எழுதினார். தோல்வியை மறைத்திருந்தால் அடுத்து வந்தவர் தேடியிருக்கமாட்டார். வெற்றியை மிகுத்துரைத்திருந்தால் தேட வேண்டிய தேவையே தோன்றியிராது.

அந்நூலின் வழியே சென்று 1918இல் வால்டர் ஃபிரே என்னும் மருத்துவர் சிங்கோனாப் பட்டையின் ஆல்கலாய்டுகள் பலவற்றை ஒப்பிட்டார். அவற்றுள் குயினிடின் மிகுந்த ஆற்றலுடையது எனக் கண்டார். கொயினாவுக்கும் குயினிடினுக்கும் அணுக்கள் ஒன்றே, எண்ணிக்கை ஒன்றே. அவை வெளியில் அமைந்த முறை மட்டுமே வேறு. அதே எழுத்துகள் இடம் மாறி வேறு சொல்லாவதைப் போன்றது அவ்வேற்றுமை. மேலறை நடுக்கத்தை மாற்றும் முதல் மருந்து இவ்வாறு கிடைத்தது.

வியன்னாவும் ஜாவாவும்

1914இல் வென்கபாக் வியன்னாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியரானார். முதல் உலகப் போரும், ஆஸ்திரியப் பேரரசின் வீழ்ச்சியும், அதனைத் தொடர்ந்த வறுமையும் அவர் கண்முன்னே நிகழ்ந்தன. வியன்னாவின் பசிக்காலத்தில் பணியாற்றிய அந்த வேற்றுநாட்டவர் 1929இல் ஓய்வு பெறும்வரை அந்நகரை விட்டு நீங்கவில்லை. மேலறை நடுக்கத்தின் உண்மையை முன்னரே கண்ட வின்டர்பெர்க்கோடு இணைந்து 1927இல் தம் பெருநூலை விரிவாக்கி வெளியிட்டார்.

முதுமையில் அவர் உள்ளம் வேறொரு நோயின்பால் சென்றது. கிழக்கிந்தியத் தீவுகளில் அரிசியுண்ணும் மக்களை வாட்டிய பெரிபெரி நோய் அது. தீட்டிய அரிசியே அதற்குக் காரணம் என்பதைப் பத்தேவியாவில் கோழிகளைக் கொண்டு ஆராய்ந்து வழிகாட்டியவர் ஐக்மன். பின்னாளில் அவரும் உட்ரெக்டில் பேராசிரியரானார்; 1929இல் நோபல் பரிசு பெற்றார். 1926இல் பத்தேவியாவிலேயே யான்சன், டோனாத் ஆகியோர் தவிட்டிலிருந்து வைட்டமின் பி1ஐப் பிரித்தெடுத்தனர். பெரிபெரியால் இதயம் வீங்கித் தளர்வதை ஜாவாவில் பணியாற்றிய ஆல்ஸ்மேர் என்னும் மருத்துவரோடு சேர்ந்து வென்கபாக் ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1934இல் நூலாயிற்று. டிஜிட்டாலிஸுக்கு இணங்காத அவ்விதயம் பற்றாக்குறையான சத்தைக் கொடுத்தால் மீள்கிறது. மருந்து ஒன்றாயினும் இதயத்தின் நிலை வேறாயின் விளைவும் வேறாகும் என்னும் செய்தி மீண்டும் அவர் முன் வந்து நின்றது.

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவைச் சூழ்ந்திருந்தபோது, 1940 நவம்பர் 11ஆம் நாள் தம் 76ஆம் வயதில் வியன்னாவில் அவர் காலமானார். அவர் பிறந்த நாடு அவ்வாண்டு மே மாதமே செருமானியப் படைகளின் வசமாகியிருந்தது.

மறைவுக்குப் பின் கிடைத்த விடை

குயினிடின் ஏன் சிலரிடம் பலிக்கிறது, ஏன் சிலரிடம் பலிப்பதில்லை, ஏன் வேகமாகத் துடிக்கும் இதயத்தில் அதன் ஆற்றல் மிகுகிறது ஆகிய வினாக்கள் அவரோடு மறையவில்லை. விடை இதயத் தசையின் உயிரணுவைப் போர்த்திய சவ்வில் இருந்தது.

அச்சவ்வு மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரை இரண்டு இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறளவே அதன் தடிமன். அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். அளவில் சிறியதாயினும், இத்துணை மெல்லிய சவ்வின் குறுக்கே நிலவும்போது அம்மின்னழுத்தம் பேராற்றல் உடையதாகிறது. சவ்வில் புரதத்தாலான சோடியம் வாயில்கள் உள்ளன. துடிப்பு வந்து மின்னழுத்தம் தளர்ந்ததும் அவை திறக்கின்றன. சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. துடிப்பு அடுத்த உயிரணுவுக்குப் பரவுகிறது. ஓரிரு மில்லிநொடிகளில் வாயில்கள் தாமே அடைத்துக்கொள்கின்றன. அதன்பின் மின்னழுத்தம் பழைய நிலைக்கு மீளும்வரை அவை மீண்டும் திறப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு வாயிலுக்கும் மூன்று நிலைகள் உண்டு. அவற்றை ஓய்வு, திறப்பு, செயலடக்கம் எனலாம். எந்த வாயில் எந்நிலையில் இருக்கும் என்பதை முதன்மையாக ஆள்வது மின்னழுத்தமே.

1951இல் டிரேப்பரும் சில்வியோ வைட்மனும் மிக நுண்ணிய கண்ணாடி மின்வாயைக் கொண்டு இதய இழையின் உள் மின்னழுத்தத்தை நேரே அளந்தனர். சுவிட்சர்லாந்து நாட்டவரான வைட்மன் 1955இல் மேலும் ஓர் உண்மையைக் கண்டார். கோக்கெய்ன் போன்ற மருந்துகள் துடிப்பின் எழுச்சியைக் குறைக்கின்றன. ஆனால் மின்னோட்டம் செலுத்திச் சவ்வை மேலும் எதிர்மின் நிலைக்குக் கொண்டு சென்றால் அக்குறைவு நீங்குகிறது. மருந்து அங்கேயே இருந்தது. மின்னழுத்தம் மாறியதும் அதன் பிடி தளர்ந்தது. இரண்டாண்டு கழித்து ஜான்சன், மெக்கின்னன் ஆகியோர் குயினிடினின் விளைவு துடிப்பின் வேகத்தோடு கூடுவதைக் காட்டினர்.

இவையனைத்தையும் ஒன்றாகக் கோத்த கொள்கை 1977இல் உருவாயிற்று. பெர்ட்டில் ஹில் ஒருபுறமும், ஹொண்டெகெம், காட்சுங் ஆகிய இருவர் மற்றொருபுறமும் அதனை வெளியிட்டனர். வாயிலினுள் மருந்து அமரும் இடம் ஒன்றே. ஆனால் ஓய்வு நிலையில் அவ்விடம் மருந்தைத் தளர்வாகவும், திறந்த நிலையிலோ செயலடங்கிய நிலையிலோ இறுக்கமாகவும் பற்றுகிறது. நோயுற்ற தசையில் மின்னழுத்தம் முழுமையாக மீள்வதில்லை. அங்கே செயலடங்கிய வாயில்கள் மிகுதி. ஆகவே அத்தகைய இடத்தையே தேடிப் பிடிக்கும் மருந்துகள் உள்ளன. லிடோகெயின் அவ்வகையைச் சார்ந்தது. குயினிடினோ திறந்த வாயிலை நாடுவது. துடிப்பு விரைய விரைய வாயில்கள் அடிக்கடி திறக்கின்றன. மருந்து விலகுவதற்கான ஓய்வு குறைகிறது. பிடிபட்ட வாயில்கள் பெருகுகின்றன. லிடோகெயின் ஒரு நொடிக்குள் பெரும்பாலும் விலகிவிடும். குயினிடின் விலகச் சில நொடிகள் ஆகும். அதனாலேயே விரைந்து துடிக்கும் இதயத்தில் குயினிடினின் செயல் மிகுதியாகத் தெரிகிறது.

இக்கொள்கையிலும் கருத்து வேறுபாடு எழுந்தது. அமரும் இடத்தின் பிடியே மாறுகிறதா, அல்லது பிடி மாறாமல் அவ்விடத்துக்குச் செல்லும் கதவு மட்டும் திறந்து மூடுகிறதா என்பதே வினா. கதவே மாறுகிறது என்னும் கருத்தை 1984இல் ஸ்டார்மரும் அவருடன் பணியாற்றியோரும் முன்வைத்தனர். எது சரியாயினும், மின்னழுத்தமே மருந்துக்கு வழிவிடுகிறது என்பதில் இரு சாராரும் உடன்பட்டனர். 2021இல் உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கியின் துணையால் மனித இதயத்தின் சோடியம் வாயிலுக்குள் குயினிடின் அமர்ந்து வழியை அடைத்திருக்கும் காட்சியே உருவமாக வெளிவந்தது.

வென்கபாக் கண்ட மற்றொரு புதிருக்கும் விடை கிடைத்தது. அண்மையில் நோய் தொடங்கியவரிடம் மட்டுமே கொயினா பலித்தது என்று அவர் எழுதியிருந்தார். அவர் இளமையில் பணியாற்றிய ஹேர்லெனுக்கு அண்மையில் உள்ள மாஸ்ட்ரிக்ட் நகரில் 1995இல் வெய்ஃபல்ஸ், அலெஸ்ஸி ஆகியோர் ஆடுகளிடம் ஆய்வு நடத்தினர். நடுக்கம் நீடிக்க நீடிக்க மேலறைத் தசையே மாறிவிடுகிறது. ஒவ்வொரு நடுக்கமும் அடுத்த நடுக்கத்துக்கு வித்திடுகிறது என்று அவர்கள் கண்டனர். நாட்பட்ட நோயாளியின் இதயம் வணிகரின் இதயமன்று. அதனிடம் அதே மருந்து அதே பணியைச் செய்யாது.

பிடியின் மறுபக்கம்

குயினிடினின் வரலாறு வெற்றி வரலாறு மட்டுமன்று. அதனை உட்கொண்டோர் சிலர் திடீரென உயிரிழந்த செய்திகள் 1920களிலேயே வரத்தொடங்கின. 1964இல் செல்சர், ரே ஆகியோர் அம்மருந்தால் ஏற்படும் மயக்கம் கீழறையின் கட்டற்ற துடிப்பால் விளைவது என்று காட்டினர். சோடியம் வாயிலைப் பற்றும் குயினிடின் பொட்டாசியம் வாயில்களையும் பற்றுகிறது. அதனால் துடிப்புக்குப் பின் சவ்வு பழைய மின்னழுத்தத்துக்கு மீளும் காலம் நீள்கிறது. மேலறையின் நடுக்கத்தை நிறுத்த உதவும் அதே நீட்டம், கீழறையில் அளவு மீறினால் உயிர் பறிக்கும் துடிப்புக்கு வழிவகுக்கிறது. அதிலும் இவ்விளைவு இதயம் மெதுவாகத் துடிக்கும்போதே மிகுதியாகத் தோன்றுகிறது. சோடியம் வாயிலில் விரைவு மருந்துக்குத் துணை; பொட்டாசியம் வாயிலிலோ மெத்தனம் பகை.

1990இல் ஆறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒழுங்கான துடிப்பைப் பேணுவதற்காகக் குயினிடின் உட்கொண்டோரில் 2.9 விழுக்காட்டினரும், உட்கொள்ளாதோரில் 0.8 விழுக்காட்டினரும் இறந்தமை தெரியவந்தது. இதன் உறவுமுறை மருந்துகளான ஃபிளெக்கைனைடு, என்கைனைடு ஆகியவை மாரடைப்புக்குப் பின் துடிப்பின் பிறழ்ச்சிகளைக் குறைத்தும் இறப்பைக் கூட்டின என்பதை 1989இல் அமெரிக்காவில் நடந்த பேராய்வு ஒன்று வெளிப்படுத்தியது. ஏட்டில் வரையப்பட்ட கோடு அழகாக இருந்தது. அக்கோட்டுக்கு உரியவர் உயிரோடு இல்லை. ஒழுங்கு ஒன்றே நலமாகாது என்னும் கடுமையான பாடத்தை மருத்துவ உலகம் அன்று கற்றது. அதன்பின் மேலறை நடுக்கத்துக்குக் குயினிடின் கொடுப்பது அருகிவிட்டது. ஆயினும் பரம்பரையாக வரும் சில அரிய மின்கோளாறுகளில் அதற்குரிய இடம் இன்றும் உள்ளது.

வென்கபாக்கின் பேறு

நாடியில் விழுந்த ஓர் இடைவெளியை எண்ணி அளந்து, அதற்குள் ஒளிந்திருந்த யாப்பைக் கண்டவர் வென்கபாக். தம்மிடம் வைத்தியம் பார்க்க வந்த வணிகரிடமே பாடம் கேட்டவரும் அவரே. சவ்வின் மின்னழுத்தத்தையோ சோடியம் வாயிலையோ அவர் அறிந்திருக்கவில்லை. ஆயினும் பலித்தவர் இன்னார், பலிக்காதவர் இன்னார் என்று பிரித்து எழுதியதன் மூலம், விடை மருந்தில் மட்டும் இல்லை, அதனை ஏற்கும் இதயத்தின் நிலையிலும் உள்ளது என்னும் குறிப்பை வருங்காலத்துக்கு விட்டுச்சென்றார்.

ஒரே பாடல் ஒருவர் நெஞ்சில் தைப்பதும் மற்றொருவரைத் தொடாமற் போவதும் பாடலின் குறை அன்று. கேட்கும் நெஞ்சின் அந்நேர நிலையும் அதில் பங்கு கொள்கிறது என்பதைக் கவிஞர் அறிவர். உயிரணுவின் மெல்லிய சவ்விலும் அதுவே நடக்கிறது. பலிக்காத மருந்தைப் பற்றி நேர்மையாக எழுதிவைத்த ஒரு மருத்துவரின் சில வரிகளே அவ்வுண்மையை நோக்கிய முதல் அடிகளாக அமைந்தன.